நிக்கல் முலாமிட்ட பித்தளை ஊதுகருவிகளில் நெளிவெடுத்தல்: முழுமையான வழிகாட்டி

கொழும்புப் பாடசாலைகளில் முதலாம் தவணை இல்ல விளையாட்டுப் போட்டிகளின் காலம். மேலைத்தேய வாத்தியக் குழுவின் ட்ரம்பெட்டுகளும் பியூகிள்களும் நாள் முழுவதும் மைதானத்தில் ஒலித்துவிட்டு, மாலையில் பேருந்தின் பின்னிருக்கையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுத் திரும்பும்போது, அவற்றுள் ஒன்றிரண்டாவது நெளிந்திருப்பது வழமை. அப்படி நெளிந்த கருவியை வாகனங்களுக்கு டிங்கரிங் செய்யும் பட்டறைக்குக் கொடுத்துச் சுத்தியலால் தட்டி நிமிர்த்துவதும், நிமிர்த்திய இடத்தில் முலாம் வெடித்துப்போனால் அதைத் தேய்த்து மினுக்கி விடுவதும் பரவலாக நடக்கின்றன. கருவி பார்வைக்கு நேராகிவிடும். ஆனால் அந்த இடத்தில் தகடு மெலிந்து இறுகிப்போயிருக்கும், சில மாதங்களில் பச்சை பூத்து, பின்னர் கீறலும் விடும். பெரும்பாலான நெளிவுகளை நெருப்பும் சுத்தியலும் இல்லாமலே எடுக்கலாம் என்பதையும், நெருப்பைக் கையிலெடுக்க வேண்டிய சில இடங்களில் நிக்கலை முதலில் அகற்றியே ஆகவேண்டும் என்பதையும் இவ்வழிகாட்டி படிப்படியாக விளக்குகிறது.

உலோகத்தை அறிதல்

ட்ரம்பெட்டின் அகன்ற வாய்ப்பகுதி, அதாவது வாசிப்பவர்கள் பெல் என்று அழைக்கும் பகுதி, பெரும்பாலும் 70 வீதம் செம்பும் 30 வீதம் நாகமும் (துத்தநாகம்) கலந்த மஞ்சட் பித்தளையால் செய்யப்படுகிறது. துப்பாக்கித் தோட்டாக்களின் கோதும் இதே கலவைதான். மெல்லிய தகடாக இழுத்தாலும் கிழியாமல் நீளும் தன்மை இக்கலவைக்கு மிகுதியாக இருப்பதே இரண்டிற்கும் காரணம். பெல்லின் தகடு ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் தடிப்புடையது. விரலால் அழுத்தினாலே சற்று இசைந்து கொடுக்கும் அத்தகட்டில், பிழையான ஓர் அடி எவ்வளவு தீங்கு செய்யும் என்பதை இந்த அளவை வைத்தே உணரலாம்.

பித்தளையைக் குளிர்ந்த நிலையில் வளைக்கும்போதும் அடிக்கும்போதும் அது இறுகுகிறது. நன்றாக இளக்கிய, அதாவது சூடாக்கி மென்மையாக்கிய, 70/30 பித்தளையின் கடினத்தன்மை விக்கர்ஸ் அளவில் 60 முதல் 80 வரை இருக்கும். கடுமையாக அடிபட்டு இறுகியபின் அது 150ஐத் தாண்டும். இறுகிய தகடு அடுத்த வளைவுக்கு எளிதில் இசையாது. அழுத்தினால் திரும்பவும் துள்ளி வரும். மேலும் வற்புறுத்தினால் வெடிக்கும். ஒரே இடத்தில் இரண்டு மூன்று தடவை நெளிந்து நிமிர்த்தப்பட்ட கருவி முதல் நெளிவைக் காட்டிலும் கூடிய கவனத்தை வேண்டி நிற்பது இதனாலேயே.

இதன் மேல் நிக்கல் முலாம் இருக்கிறது. சில மைக்ரோன்களிலிருந்து இருபது மைக்ரோன் வரையிலான தடிப்பே கொண்ட அப்படலம், அடியிலுள்ள பித்தளையைவிடப் பல மடங்கு கடினமானது. இன்றைய கருவிகளில் காணப்படும் கண்ணாடி போன்ற பளபளப்பு நிக்கல், முலாம்தொட்டியில் சேர்க்கப்படும் மினுக்குப் பொருட்களால் கிடைப்பது. அப்பொருட்களிலிருந்து சிறிதளவு கந்தகமும் படலத்தினுள் புகுந்துவிடுகிறது. பித்தளை தாராளமாக நீளும் இடத்தில் இந்தப் பளபளப்பு நிக்கல் சில வீதமே நீண்டு, அதற்கு மேல் மயிரிழை போன்ற கோடுகளாகப் பிளந்துவிடும். அதோடு ஏறக்குறைய 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறினால், உள்ளிருக்கும் கந்தகம் நிக்கலின் மணிகளுக்கிடையே, அதாவது அதன் நுண்ணிய படிகங்களுக்கிடையே, சேர்ந்து அதை மேலும் நொறுங்கத்தக்கதாக்கும். பித்தளையை இளக்கும் சூடு நிக்கலைக் கெடுக்கும் என்ற இந்த முரண்பாடே முழு வேலையின் முடிச்சு.

பிளவு விழுந்த முலாமை வெறும் தோற்றக் குறையாக எண்ணிவிடக் கூடாது. ஈரத்திலும் உப்பிலும் நிக்கல் பித்தளையைவிட எளிதில் அரிக்கப்படாதது. எனவே பிளவின் அடியில் வெளித்தெரியும் சிறிதளவு பித்தளையே அரிப்பின் முழுச் சுமையையும் தாங்கி, ஆழமான குழிகளாக உண்ணப்படும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்தில் கடற்கரை ரயில் பாதையை ஒட்டிய வீட்டில் யன்னலைத் திறந்து வைத்தபடி கருவியைப் பெட்டிக்கு வெளியே விட்டிருப்பவர், இந்தக் குழிகளைக் கடலுக்குத் தொலைவில் இருப்பவரைக் காட்டிலும் விரைவாகக் காண்பார்.

முதற்படி: எதன் மேல் கைவைக்கிறோம் என்று பார்த்தல்

வெண்ணிறமாக இருப்பதெல்லாம் நிக்கல் அன்று. வெள்ளி முலாம் காலப்போக்கில் மஞ்சளாகி, பழுப்பேறி, பின்னர் கறுக்கும். நிக்கல் கறுக்காது, மங்கிச் சாம்பல் பூத்து, சில இடங்களில் சற்றே பச்சை காட்டும். குரோமியத்தில் நீலச்சாயல் இருக்கும், நிக்கலில் மெல்லிய மஞ்சட்சாயல் இருக்கும். ஒரு வெள்ளைத் தாளைப் பக்கத்தில் பிடித்துப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். சக்திவாய்ந்த சிறு காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு அருகே கொண்டுசென்றால், நிக்கல் படலம் தடிப்பாக உள்ள இடத்தில் அது இலேசாக இழுபடும். இழுபடவில்லை என்பதால் மட்டும் நிக்கல் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம், ஏனெனில் மிக மெல்லிய படலத்தின் இழுவை கைக்குத் தெரிவதில்லை.

அடுத்து நெளிவைப் படிக்க வேண்டும். கருவியை ஒரு நீண்ட ட்யூப் லைட்டின் கீழ் பிடித்து, விளக்கின் பிரதிபலிப்பு பெல்லின் மேல் ஒரே நேர்கோடாக ஓடுகிறதா என்று மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். கோடு எங்கே வளைகிறதோ அங்கே நெளிவு தொடங்குகிறது. எங்கே உடைந்து இரண்டாகிறதோ அங்கே மடிப்பு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் குழியைவிட நெளிவின் உண்மையான பரப்பு எப்போதும் பெரியது. அதன் எல்லையை அழியக்கூடிய பேனாவால் வட்டமிட்டுக் கொள்வது நல்லது. பின்னர் பத்து மடங்கு பெருப்பிக்கும் நகைக்காரர் கண்ணாடியால் அந்த எல்லைக்குள் நிக்கல் பிளந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செட்டியார் தெருவில் நகைத்தொழிலுக்கான கருவிகள் விற்கும் கடைகளில் இத்தகைய கண்ணாடி கிடைக்கும்.

இப்பார்வைக்குப் பின் கருவி மூன்று வகையுள் ஒன்றில் அடங்கும். மென்மையான குழி, முலாம் முழுமையாக இருக்கிறது: இதை வீட்டிலேயே எடுக்கலாம். குழி ஆழமானது அல்லது மடிப்பு விழுந்தது, முலாமில் சில கோடுகள்: எடுக்கலாம், ஆனால் முலாம் அந்த இடத்தில் போய்விட்டது என்று கணக்கில் வைத்துக்கொண்டே தொடங்க வேண்டும். பித்தளையே கிழிந்தது, அல்லது வால்வுக் கூட்டில் அடிபட்டது: இதில் கைவைக்கக் கூடாது. பிஸ்டனுக்கும் அதன் கூட்டுக்கும் இடையே இருப்பது ஒரு மில்லிமீற்றரில் நூறில் சில பங்கு இடைவெளி மட்டுமே. கூட்டை வெளியிலிருந்து தொட்டு நிமிர்த்தும் முயற்சி பிஸ்டனை நிரந்தரமாக இறுக்கிவிடும். அதற்குரிய உருளை அச்சுகளும் தேய்ப்புக் கருவிகளும் உள்ளவரிடமே அதைக் கொடுங்கள்.

ஊதும் முனையிலிருந்து முதல் வளைவுவரை செல்லும் முதற்குழாயைத் தனியாகக் கவனியுங்கள். வாயின் ஈரமும் உமிழ்நீரின் உப்பும் நாள்தோறும் படும் இடம் இதுவே. 15 வீதத்துக்கு மேல் நாகம் உள்ள பித்தளையில் நாகம் மட்டும் கரைந்து வெளியேறி, துளைகள் நிறைந்த செம்பு எஞ்சும் நோய் ஏற்படக்கூடும். வெளியே இளஞ்சிவப்புப் புள்ளி, அதன் நடுவே கரும்புள்ளி என்று அது தன்னைக் காட்டிக்கொள்ளும். நிக்கல் முலாமின் கீழே இந்நோய் மறைந்திருந்து, முலாம் சிறு கொப்புளமாக எழும்போதே வெளித்தெரியும். அத்தகைய குழாயில் நெளிவெடுக்கப் போனால் விரல் உள்ளே போகும். குழாயையே மாற்ற வேண்டும்.

கருவிகளைச் சேர்த்தல்

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் நெளிவெடுப்புக் கருவித்தொகுதி ஒரு ட்ரம்பெட்டின் விலையைத் தொட்டுவிடும். நல்ல வேளையாக, கொழும்பில் கைக்கெட்டும் பொருட்களைக் கொண்டே தேவையானவற்றுள் பெரும்பங்கைச் செய்துகொள்ளலாம்.

பெல்லினுள் நுழைக்கும் தாங்கி, அதாவது பெல்லின் உட்சாய்வுக்கு இசைவாகக் கடையப்பட்ட உருக்குக் கம்பம், இவற்றுள் முதன்மையானது. அதே மாதிரியைச் சேர்ந்த, நெளிவற்ற இன்னொரு கருவியின் பெல்லில் தடித்த அட்டையை வைத்து உட்சாய்வை வெட்டியெடுத்து, அந்த அட்டையுடன் லேத் பட்டறைக்குச் செல்லுங்கள். மருதானை, பஞ்சிகாவத்தைப் பக்கத்தில் வாகன உதிரிப்பாக வேலை செய்யும் லேத்காரர்களுக்கு இது கடினமான வேலை அன்று. அட்டையின் அளவைவிட எல்லா இடத்திலும் அரை மில்லிமீற்றர் அளவு சிறிதாகக் கடையச் சொல்ல வேண்டும், ஏனெனில் தாங்கி பெல்லை நிரப்பக் கூடாது; ஒரு கோட்டில் மட்டும் தொட வேண்டும். கடைந்த கம்பத்தை 400, 800, 1200 இலக்க மண்கடதாசியால் தண்ணீரோ எண்ணெயோ விட்டு வரிசையாகத் தேய்த்து, இறுதியில் மினுக்குக் களிம்பால் கண்ணாடிபோல் ஆக்க வேண்டும். தாங்கியில் இருக்கும் ஒரு கீறல் பெல்லின் உட்புறத்தில் நூறு கீறலாகப் பதியும்.

பெல்லின் வாய் அகன்று விரியும் இறுதிப் பகுதிக்கு உருக்கைவிட மரம் ஏற்றது. பாலை அல்லது முதிரை மரத்துண்டை அந்த வளைவுக்குக் கடைந்து, மண்கடதாசியிட்டு, மெழுகு பூசி வைத்துக்கொள்ளலாம்.

குழாய்களுக்கு உருக்குக் குண்டுகள் தேவை. சாதாரண ட்ரம்பெட்டின் குழாய் உள்விட்டம் 11.7 மில்லிமீற்றர் அளவில் இருப்பதால், 10, 11, 11.5 மில்லிமீற்றர்க் குண்டுகள் கையிலிருந்தால் பெரும்பாலான வேலை நடக்கும். பழைய போல் பெயரிங்குகளை உடைத்து இக்குண்டுகளைப் பெறலாம், புதிதாகவும் வாங்கலாம். குண்டைக் கம்பியில் பொருத்தத் துளையிட வேண்டுமானால், அந்த உருக்கு துளைப்பானை ஏற்காத அளவு கடினமானது என்பதை அறிந்திருங்கள். செந்நிறம் வரச் சூடாக்கி, சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிட்டால்தான் துளையிடலாம். துளையிட்டபின் மீண்டும் மினுக்குங்கள்.

வெளிப்புறத்தில் உரசுவதற்கு, முனை உருண்டு மெருகேறிய கடின உருக்குக் கம்பி ஒன்று வேண்டும். இவற்றுடன் தோலோ நைலோனோ முகப்பாக உள்ள மென்சுத்தியல், பாரமான குறடுமேசை, மென்துணி, தையல் இயந்திர எண்ணெய் ஆகியன போதும். வலிமையான காந்தத்தை வெளியே நகர்த்தி உள்ளிருக்கும் குண்டை இழுக்கும் முறையும் நன்றாகவே வேலை செய்கிறது. காந்தத்துக்கும் முலாமுக்கும் இடையே எப்போதும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருக்கட்டும். விரல்களைக் காந்தத்துக்கும் குண்டுக்கும் இடையே விடாதீர்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இம்முறையை அறவே தவிர்க்க வேண்டும்.

கழற்றிக் கழுவுதல்

பிஸ்டன்களைக் கழற்றும்போது 1, 2, 3 என்ற இலக்க ஒழுங்கிலேயே வையுங்கள். ஸ்லைட்டுகளை, அதாவது இழுத்துக் கழற்றக்கூடிய வளைகுழாய்களை, உருவியெடுங்கள். இறுகிப்போன ஸ்லைட்டைக் குறடால் பிடித்து இழுக்காமல், துரு இளக்கும் எண்ணெயைப் பொருத்தில் விட்டு ஓர் இரவு காத்திருங்கள். அடுத்த நாளும் அசையாவிட்டால் இன்னுமொரு இரவு. இறுகிய மவுத்பீஸ் விடயத்திலும் இதே பொறுமை வேண்டும், அதற்கென இருக்கும் இழுப்பான் கருவியை இரவல் வாங்கியாவது பயன்படுத்துங்கள்; முறுக்கி எடுக்கப் பார்த்தால் முதற்குழாயின் ஈயப்பற்றுத்தான் முதலில் விட்டுப்போகும்.

வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைச் சிறிதளவு கரைத்து உள்ளும் புறமும் கழுவுங்கள். நீளமான தூரிகையை எல்லாக் குழாய்களிலும் செலுத்துங்கள். மைதானத்து மணல் ஒரு துகள் உள்ளே எஞ்சினாலும் குண்டு அதைத் தகட்டில் அரைத்துப் பதித்துவிடும். தேசிக்காயும் உப்பும் சேர்த்துத் தேய்க்கும் வீட்டு வழக்கம் முலாமில்லாத பித்தளைக் குடத்துக்குப் பொருந்தலாம். இங்கே அந்த உப்பு முலாமின் பிளவுகளுக்குள் இறங்கித் தங்கி அரிப்பைத் தொடக்கிவைக்கும். நன்றாகத் துடைத்து உலர்த்திய பின்னரே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

பெல்லில் நெளிவெடுத்தல்

தாங்கியைக் குறடுமேசையில் கிடையாகப் பூட்டுங்கள். தாங்கியிலும் பெல்லின் உட்புறத்திலும் எண்ணெயைத் தாராளமாகப் பூசி, பெல்லை அதன் மேல் நுழைத்து, நெளிவு தாங்கியின் மேற்புறத்தில் வருமாறு இரு கைகளாலும் பிடியுங்கள். இப்போது செய்யவேண்டியது பெல்லைக் கீழ்நோக்கி அழுத்தி முன்னும் பின்னும் மெதுவாக உருட்டுவது மட்டுமே. மென்மையான குழிகள் பல இவ்வழுத்தத்திலேயே எழுந்துவிடும், வேறு கருவி தேவைப்படாது.

எழாத குழிக்கு உரசும் கம்பியை எடுக்க வேண்டும். இங்கே பலரும் செய்வது நேராகக் குழியின் நடுவைத் தாக்குவது. குழியின் நடு உள்ளே தள்ளப்பட்டபோது அதன் சுற்றுவிளிம்பு வெளியே சற்றுப் புடைத்து எழுந்து, குழியை ஒரு வளையமாகப் பூட்டி வைத்திருக்கிறது. அந்தப் பூட்டைத் திறக்காமல் நடுவை மட்டும் தள்ளினால், தகடு இரண்டு பக்கமும் இழுபட்டு நீளும். எனவே பேனாவால் வரைந்த எல்லைக் கோட்டிலிருந்து தொடங்குங்கள். தாங்கி உள்ளிருந்து தாங்கும் இடத்துக்கு நேர் மேலே, எண்ணெயிட்ட கம்பியை விரல் நீள அசைவுகளாக, பெல்லின் நீளவாக்கில், சீரான அழுத்தத்துடன் உரசுங்கள். ஒரு சுற்று முடிந்தபின் எல்லையிலிருந்து சில மில்லிமீற்றர் உள்ளே வந்து அடுத்த சுற்று. இவ்வாறு சுருண்டு சுருண்டு நடுவை அடையும்போது குழி பெரும்பாலும் தானாகவே மேலெழுந்திருக்கும்.

ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் எண்ணெயைத் துடைத்து, ட்யூப் லைட்டின் கோட்டைப் பாருங்கள். கைவிரலின் நுனியும் கண்ணைவிட நன்றாகச் சொல்லும்: கண்களை மூடிக்கொண்டு, இடது கை விரல்களால் மேற்பரப்பின் குறுக்கே மெதுவாகத் தடவினால், பத்தில் ஒரு மில்லிமீற்றர் மேடுபள்ளமும் தட்டுப்படும். உரசும் கம்பியின் கீழ் உலோகத்தின் குரலும் மாறும். நெகிழ்ந்து இசையும் தகட்டில் கம்பி வழுக்கிச் செல்லும் ஓசை தாழ்ந்திருக்கும்; இறுகத் தொடங்கிய தகட்டில் அது உயர்ந்து கிறீச்சிடும். அக்கிறீச்சு கேட்டால் எண்ணெயை மீண்டும் இடுங்கள். அதற்குப் பின்னும் கேட்டால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு சரியான பெல், நூறும் சரியாக்கப் போய் மெலிந்த பெல்லைக் காட்டிலும் மேலானது. கருவியின் ஒலிக்கும் அந்தக் கடைசிப் பத்துப் பங்குக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பெல்லில் உள்ள ஆழமற்ற குழி சுருதியைத் தொடுவதேயில்லை.

சுத்தியலை எங்கே எடுக்கலாம்? வாய்விளிம்பு வளைந்திருக்கும்போது மட்டும், அதுவும் மரத் தாங்கியின் மேல் வைத்து, தோல்முகப்புச் சுத்தியலால், விளிம்பின் உட்புறத்திலிருந்து இலேசாக. விளிம்பின் சுருளுக்குள் பெரும்பாலும் ஒரு கம்பி இருக்கிறது. மலிவான கருவிகளில் அது உருக்குக் கம்பியாக இருந்து, முலாமில் பிளவு விழுந்ததும் உள்ளேயே துருப்பிடிக்கும். விளிம்பைக் கையால் வளைத்துச் சரிசெய்ய முடிந்தால் கையாலேயே செய்யுங்கள்.

குழாய்களும் வளைவுகளும்

நேர்க்குழாயில் உள்ள நெளிவுக்கு, கம்பியில் பூட்டிய குண்டை எண்ணெயிட்டுச் செலுத்துங்கள். குழாயின் உள்விட்டத்தைவிடத் தெளிவாகச் சிறியதாக உள்ள குண்டில் தொடங்கி, பத்தில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் வீதம் ஏறிச்செல்ல வேண்டும். குண்டு நெளிவைத் தட்டி நிற்கும்போது, வெளிப்புறத்தில் உரசும் கம்பியால் முன்சொன்ன ஒழுங்கில் விளிம்பிலிருந்து நடுநோக்கி உரசினால் குண்டு மெல்ல முன்னே நகரும். பெரிய குண்டை வலிந்து அறைந்து செலுத்தினால் அது சிக்கிக்கொள்ளும், அல்லது குழாயையே விரித்துவிடும். விரிந்த குழாயைச் சுருக்கும் வழி வீட்டில் இல்லை.

வளைவுகளில் கம்பி போகாது. அங்கே தளர்ந்த குண்டை உள்ளேயிட்டு, அதன் பின்னால் சிறிய குண்டுகள் இரண்டு மூன்றை இட்டு, வளைவைத் துணியில் சுற்றிக் கையில் பிடித்துக் குலுக்க வேண்டும். பின்வரும் சிறுகுண்டுகளின் மோதலே முன்குண்டை நெளிவுக்குள் செலுத்துகிறது. திரும்ப எடுக்க மறுமுனையிலிருந்து அதையே செய்யுங்கள். காந்தமுறை வளைவுகளுக்கே மிகப் பொருத்தமானது. முதற்குழாய் மட்டும் ஒரு முனையில் குறுகிச் செல்வதால் குண்டு சிக்கும். அதற்குச் சாய்வுக் கம்பம் தேவை, அது இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

மடிப்பு விழுந்த பெல்லும் நெருப்பும்

பெல் மடங்கிக் கூர்மையான கோடு விழுந்துவிட்டால், அக்கோட்டில் பித்தளை தன் எல்லை வரை இறுகியிருக்கும். அங்கே நிக்கல் ஏற்கெனவே பிளந்திருப்பதும் உறுதி. குளிர்ந்த நிலையில் பெரிய வளைவை மட்டும் திறந்து, கூரான கோட்டை அப்படியே விட்டுவிடுவது ஒரு வழி. மாணவர் கருவிக்கு நான் பரிந்துரைப்பது அதையே. தழும்பு தெரியும், கருவி வாசிக்கும். கோடும் மறைய வேண்டும் என்றால் நெருப்பில் வாட்டி இளக்க வேண்டும், அதற்கு முன் மூன்று காரியங்கள் நடந்திருக்க வேண்டும்.

முதலாவது, பெல்லைக் கருவியின் உடலிலிருந்து பிரிக்க வேண்டும். தாங்குகால்கள் எல்லாம் ஈயப்பற்றால் ஒட்டப்பட்டவை. வழமையான வெள்ளீய-ஈயப் பற்றாசு 183 பாகை செல்சியசிலேயே உருகத் தொடங்கிவிடும். பித்தளையை இளக்கும் சூடோ 425 பாகைக்கு மேல். இரண்டாவது, பிரித்த பெல்லிலிருந்து நிக்கலை அகற்ற வேண்டும். இதை வீட்டில் செய்யக் கூடாது. நிக்கலைக் கரைத்தெடுக்கும் கரைசல்கள் செறிந்த அமிலமோ சயனைட்டோ கொண்டவை; கழிவுநீரில் நிக்கல் இருக்கும். மின்முலாமிடும் தொழிலுக்கு 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் தேவைப்படுவதும் இதற்காகவே. உரிமம் உள்ள முலாம் பட்டறையிடம் கொடுங்கள். தேய்ப்புச் சக்கரத்தில் பிடித்து நிக்கலை அரைத்து எடுப்பதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள்; நிக்கலோடு அரை மில்லிமீற்றர்த் தகட்டின் நல்ல பங்கும் போய்விடும்.

மூன்றாவது, இருட்டான ஆனால் காற்றோட்டமுள்ள இடம். காஸ் டோர்ச்சின் பரந்த சுவாலையால் மடிப்பையும் அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்தையும் அசைத்து அசைத்துச் சூடாக்குங்கள். அரையிருளில் மிக மங்கலான செந்நிறம் தோன்றும் கணத்தில் சுவாலையை விலக்குங்கள். பித்தளை உருக்கைப் போன்றதன்று. நீரில் தோய்த்தாலும் காற்றில் ஆறவிட்டாலும் இளகியே இருக்கும். செந்நிறம் பிரகாசமாகும்வரை வைத்திருந்தால் உலோகத்தின் மணிகள் பெருத்து, நிமிர்த்திய பின் தோடம்பழத் தோல்போல் மேற்பரப்பு சொரசொரக்கும். அதற்கும் மேலே போனால் நாகம் ஆவியாகி வெண்புகையாக எழும்; அதை மூச்சில் இழுத்தவருக்கு அன்றிரவே காய்ச்சலும் நடுக்கமும் வரும்.

ஆறியபின் படிந்திருக்கும் கருமையைச் சித்திரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துக் கழுவுங்கள். அந்தக் கரைசலில் இரும்புக் குறடு படக் கூடாது, பட்டால் செம்பு வந்து பெல்லின் மேல் படியும். இளகிய பித்தளையை இப்போது தாங்கியின் மேல் உரசினால் மடிப்பு மிகக் குறைந்த அழுத்தத்தில் அடங்கும். அந்த மென்மை ஏமாற்றக்கூடியது; அழுத்தத்தைப் பாதியாகக் குறையுங்கள். உரசி முடிக்கும்போதே தகடு மீண்டும் வேண்டிய அளவு இறுகிவிடும், ஆகவே முழுப் பெல்லையும் இளக்க வேண்டாம்.

மறுபடி நிக்கல் பூசக் கொடுக்கும்போது பட்டறையிடம் இரண்டைக் கேளுங்கள்: தேய்ப்பைக் குறைத்து மினுக்கை மட்டும் செய்யும்படி, கருவியின் உட்துளைகளை அடைத்துவிட்டுத் தொட்டியில் இறக்கும்படி. உட்புறத்தில் தேங்கும் முலாம் கரைசல் பின்னர் வாசிப்பவரின் வாய்க்கே வரும். மவுத்பீஸை நிக்கலில் பூசவே வேண்டாம். நிக்கல் பலருக்கும் தோல் ஒவ்வாமை தருவது. உதட்டில் படும் பாகத்துக்கு வெள்ளி முலாமே தகும்.

முடித்தலும் பேணலும்

எண்ணெயை முழுதும் கழுவி, உலர்த்தி, பிஸ்டன்களை அவற்றின் இலக்கக் கூட்டிலேயே போட்டு, ஸ்லைட்டுகளுக்குக் கிறீஸ் இட்டுப் பொருத்துங்கள். காற்றொழுக்கைச் சோதிக்க, பெல்லை மென்துணியால் இறுக அடைத்து, பொருத்துகளில் சவர்க்கார நீர் தடவி, மெதுவாக ஊதுங்கள். குமிழி எழும் இடத்தில் பற்று விட்டிருக்கிறது. முலாமில் பிளவு எஞ்சிய இடங்களை நன்றாகத் துடைத்து, தெளிவான மெழுகை மெல்லிய படலமாகப் பூசி, மாதம் ஒருமுறை புதுப்பியுங்கள்.

நெளிவெடுத்த கருவிக்கு அமோனியா எமன். பிரித்தானியர் காலத்து இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைக்கப்பட்ட தோட்டாக்களின் பித்தளைக் கோதுகள் எவரும் தொடாமலே வெடித்துப் பிளந்தன. குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவும், கோதுகளைச் செய்தபோது உலோகத்துக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்தே அவற்றைப் பிளந்தன என்பதை மூர், பெக்கின்சேல், மல்லின்சன் ஆகிய மூவரும் 1921இல் விளக்கினர். குளிர்ந்த நிலையில் உரசி நிமிர்த்திய உங்கள் பெல்லிலும் அதே கலவை, அதே உள்ளிறுக்கம் இருக்கிறது. எனவே அமோனியா சேர்ந்த பித்தளை மினுக்குத் திரவங்களையும், கண்ணாடி துடைக்கும் திரவங்களையும் அதன் மேல் பயன்படுத்தாதீர்கள். போத்தலின் பின்புறத்தில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டு வாங்குங்கள். வாத்திய அறையின் கூரையில் புறாவோ வௌவாலோ குடியிருந்தால், கருவிகளை அங்கிருந்து அகற்றுங்கள், ஏனெனில் அவற்றின் எச்சமும் அமோனியாவை விடுகிறது. வாசித்து முடித்ததும் உள்ளீரத்தை வடித்து, வியர்வை பட்ட இடங்களைத் துடைத்து, பெட்டியின் வெல்வெட்டு ஈரமாக இருந்தால் அதை வெயிலில் காயவைத்த பின்னரே கருவியை உள்ளே வையுங்கள். எந்த இடத்தில், எந்த ஆண்டில், எம்முறையில் நெளிவெடுக்கப்பட்டது என்று ஒரு அட்டையில் எழுதிப் பெட்டிக்குள் இட்டுவைத்தால், அடுத்த முறை அதே இடம் நெளியும்போது திருத்துபவர் இறுகிய தகட்டின் மேல் அறியாமல் கைவைக்க மாட்டார்.